ருசிக்கு மார்க்

வீட்டில் வற்றல் குழம்பு எப்படி என்று கேட்டால், "நன்றாயிருக்கிறது" என்கிறோம். நூற்றுக்கு 87 என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் இலையில் என்ன விழும் என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. ஆனால் ஒயின் என்கிற திராட்சை மதுவுக்கு மட்டும் உலகம் இப்படித்தான் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கென்றே பத்திரிகைகள், பந்தயங்கள், பதக்கங்கள். அதையே ஜீவனோபாயமாகக் கொண்ட மனிதர்கள்.

ருசி பார்ப்பதற்கு ஒரு சாஸ்திரமும் உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்றி, மணம் எழுந்ததும் மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, நாக்கு முழுவதும் புரளவிட்டு, துப்பிவிட வேண்டும். ஆமாம், துப்பத்தான் வேண்டும். ஐம்பது புட்டிகளைப் பரீட்சிக்கிறவர் விழுங்கிக்கொண்டே போனால், ஐம்பத்தோராவது புட்டிக்கு வாய் இருக்கும், அபிப்பிராயம் இருக்காது.

ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வக்கீல் 1978-ல் ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துப் பாணியில் 100 மார்க். அதில் 50 மார்க் சும்மாவே உண்டு, பரீட்சைக்கு வந்து உட்கார்ந்ததற்காக. அவர் போட்ட மார்க்கைப் பார்த்து உலகம் வாங்க ஆரம்பித்தது. 90-க்கு மேல் வாங்கிய தோட்டக்காரர் வீட்டில் தீபாவளி. 80-ஐத் தாண்டாதவர் வீட்டில் மௌனம். வருஷம் முழுவதும் பனியிலும் வெயிலிலும் கொடியைக் காத்தவருடைய பிழைப்பு, யாரோ ஒருவருடைய நாக்கு நுனியில் தொங்குகிறது. ஆகவே, அந்த நாக்கு எவ்வளவு தூரம் நம்பத் தகுந்த சாட்சி என்று கேட்பது தப்பில்லை.

ராஜாக்களுக்கான புட்டிகள் ஒரு புறம் இருக்கட்டும். ரொட்டியோடும் சூப்போடும் ஐரோப்பாவில் சாதாரண ஜனங்கள் குடிக்கிற தினப்படி ஒயினுக்குக்கூட இந்த மார்க் வியாதி வந்துவிட்டது. பாரிஸில் குடியேறிவிட்ட புதுச்சேரி நண்பர் ஒருவர், ஒரு மாலை இதை விளையாட்டாகவே ஏற்பாடு செய்திருந்தார். மளிகைக் கடையில் வாங்கிய ஆறு புட்டிகள். எதுவும் ஐந்து யூரோவுக்கு மேல் இல்லை. தெற்குப் பிரான்ஸ், ஸ்பெயின், சிசிலி, சிலி, அர்ஜென்டினா என்று தேசம் தேசமாகச் சேகரித்து, கழுத்து வரை செய்தித்தாள் சுற்றி, 1 முதல் 6 வரை எண் எழுதி நிறுத்தியிருந்தார். ஆளுக்கு ஒரு காகிதம். ஒவ்வொன்றுக்கும் 20 மார்க்.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் நிஜமான நீதிபதியைப் போலப் புருவத்தை நெரித்துக்கொண்டு எழுதினார். மூன்றாவதற்கு 14, ஆறாவதற்கு 9. மற்றவர்களும் ஏறத்தாழ அப்படித்தான். நண்பரின் மாமியார் குடிக்கிறவர் அல்ல. வயது எழுபத்தைந்து. கிண்ணங்களை வரிசையாக முகர்ந்துவிட்டு, "மாப்பிள்ளை, மூணும் ஆறும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை ஊத்தினீங்க?" என்றார்.

காகிதத்தைப் பிரித்தால் இரண்டும் சிலி தேசத்து ஒயின்! ஒரே ரகம், ஒரே வருஷம். நண்பர் வேண்டுமென்றே செய்திருந்த சூழ்ச்சி அது.

"சரி அத்தை, இதிலே எது ஒசத்தி, சொல்லுங்க" என்றார் நண்பர்.

"சோத்தை வச்சுட்டுக் கேளுங்க. சோறு இல்லாம குழம்பை எப்படிச் சொல்றது?"

இந்த வேடிக்கையை விஞ்ஞானிகள் தீவிரமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் ஹாட்ஜ்சன் கலிபோர்னியாவில் சொந்தமாக ஒயின் செய்கிறவர். தம் சரக்கு ஒரு போட்டியில் தங்கம் வாங்குவதும், இன்னொன்றில் ஒன்றுமில்லாமல் திரும்புவதும் அவருக்குப் புதிராக இருந்தது. 2005 முதல் அந்த மாகாணத்துப் பெரிய போட்டியில், நீதிபதிகளுக்குத் தெரியாமல் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுக்கச் செய்தார். மூன்றுக்கும் ஒத்த மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2001-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பிரான்ஸின் போர்தோ நகரத்து ஒயின் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் அவர்கள் அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை நாக்கு ஆமோதித்துவிட்டது. 2008-ல் இன்னொரு கூட்டத்தார் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது, மூளையில் இன்பத்தை உணரும் இடமே அதிகம் துடித்தது. பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது நிஜமாகவே ருசித்திருக்கிறது!

சீட்டை மறைத்தால் நியாயம் கிடைப்பதும் உண்டு. 1976 மே 24-ந் தேதி, பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் தெரியாதபடி பரிமாறினார். மார்க் போட்ட ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியா ஒயின்கள்! அதுவரை யாரும் ஏறெடுத்துப் பாராத தோட்டக்காரர்களுக்கு அன்று விடிந்தது. ஆகவே நாக்கு பொய்ச் சாட்சி அல்ல, பயந்த சாட்சி. பெயரும் விலையும் எதிரே நின்று முறைத்தால், அதற்குக் குரல் எழும்புவதில்லை.

நம் கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் பல, கிரேக்கரின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. கோஸ் ஒயின் கடல் நீர் கலந்து செய்வது. பெரிய மனிதர்களின் பானம் அல்ல. ரோமானியரான கேட்டோ, அதே மாதிரியை இத்தாலிப் பண்ணையிலேயே செய்துகொள்ள வழி எழுதி வைத்திருக்கிறார். அத்தகைய தினப்படிச் சரக்கு, கப்பலேறி நம் கரையில் இறங்கியதும் அரும்பொருளாகிவிட்டது. யவனர் தந்த நறுமண மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தரப் பருகி மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றில் காணலாம். தூரமும் ஒரு மார்க்குத்தான்.

கதைப் போட்டிகளில் நீதிபதியாக உட்கார்ந்து, பிறர் கதைகளுக்கு 62 என்றும் 71 என்றும் நானும் போட்டிருக்கிறேன். ஆகவே மார்க் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடையில் முன்னூறு புட்டிகள் வரிசையாக நின்றால், வழி தெரியாதவரை யாராவது கைப்பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்கு வந்து இலை போட்ட பிறகு, அந்தக் கையை விட்டுவிடலாம்.