பட்டுதான் அக்கா

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, குரோம்பேட்டையில் என் வீட்டு ஹாலில் புடவை விற்பனை நடத்தினேன். ஒன்று மிச்சமில்லாமல் விற்றது. தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். அன்று நான் ஒரு பொய் சொன்னேன். பிறகு அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னேன். இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறேன். படிப்பவர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் எடைபோடட்டும்.

நான் பிறந்தது சேலத்தில். பக்கத்திலேயே இளம்பிள்ளை. செமி சில்க் புடவைக்குப் பெயர்போன ஊர். அந்த ஊர் வியாபாரிகள் சரக்கை ஒளித்துப் பேசுவதில்லை. நான் வாங்கியவர் புடவையை விரித்து, முந்தியைத் திருப்பிக் காட்டி, தெளிவாகச் சொன்னார்: "இது செமி சில்க்குங்க. பாலியஸ்டர் கலந்ததுங்க. பட்டுன்னு சொல்லி வித்துடாதீங்க, எங்க ஊர் பேருதான் கெடும்." சரிங்க என்றேன். ஒரு புடவை 1,400 ரூபாய் என்று எடுத்தேன்.

வீட்டில் விற்பனை வைப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. காலை பத்து மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும், சமையல் முடிந்திருக்கும். டியூப்லைட் போதாது, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் எடுக்கும். கட்டிலில் பரப்பக் கூடாது, கொடியில் தொங்கவிட வேண்டும். ஆளுயரக் கண்ணாடி அவசியம். காபியும் கேசரியும் வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்துபோக நம் பெண்களுக்கு மனசு வராது. அமெரிக்காவில் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி 1950-களில் டப்பர்வேர் டப்பாக்களை இப்படி வீட்டு விருந்துகளில் விற்றுத்தான் பெரிய ஆளானார். 1951-ல் அந்தக் கம்பெனி கடைகளில் விற்பதையே நிறுத்திவிட்டு, வீட்டு விற்பனையை அவர் பொறுப்பில் விட்டது. அழைத்த வீட்டுக்காரியின் முகத்தை முறிக்க யாருக்கும் வராது. அந்த வியாபாரத்தின் பலமே அதுதான். அதைத் தெரிந்தேதான் நானும் செய்தேன்.

இன்னொன்றும் செய்தேன். முதல் போணி என் நாத்தனார். முன்கூட்டியே பேசிவைத்தது. அவள் ஒரு புடவையை எடுத்து, "அண்ணி, இதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். சாயங்காலம் அதைத் திருப்பித் தந்தாள். அது மறுநாள் வேறொருவருக்குப் போனது. அவளை அந்த நாடகத்தில் இழுத்தவள் நான்.

மாவு அக்கா வந்தபோது ஹால் நிறைந்திருந்தது. எங்கள் தெருவுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுப்பவர். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குச் சீர்ப் புடவை எடுக்க வேண்டும். சீட்டுப் பணம் கையில் வந்திருந்தது. மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது பட்டுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது அத்தனையும் எனக்கு நினைவிருக்கிறது. செமி சில்க் என்று சொன்னால் கையில் எடுத்தவர்கள் கீழே வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அதைவிட, 'கடையை விடக் குறைந்த விலையில் நல்ல சரக்குத் தருகிறவள்' என்று அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த புகழை விட மனம் வரவில்லை. யோசிக்க நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

"பட்டுதான் அக்கா. சாஃப்ட் சில்க்."

அசல் பட்டுக்கு சில்க் மார்க் லேபிள் என்று ஒன்று உண்டு. மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது. அக்கா அதைக் கேட்கவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். தினமும் பார்க்கிற முகத்திடம் யார் அத்தாட்சி கேட்பார்கள்? மூன்று புடவை எடுத்தார், ஒன்று 3,600 ரூபாய். நோட்டுகளை எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். நானும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டில் புடவையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி பட்ட இடத்தில் துணி சுருங்கி ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்த ஒரு பெரியம்மா முந்தியிலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தார். பட்டு எரிந்தால் முடி கருகின வாசனை வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிக் கருப்பாக, கெட்டியாக உருண்டுகொண்டது. பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. "பட்டுன்னு சொல்லி நைலானைக் கட்டிவிட்டுட்டாங்க" என்று புதுப் பெண்ணின் காது படச் சொன்னார்கள். சம்பந்தியம்மா பண்டிகைக்குக் கூட அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வரவில்லை.

அக்கா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. "சத்தியமா தெரியாதுக்கா. அந்த இளம்பிள்ளைக்காரன் என்னையும் ஏமாத்திட்டான்" என்றேன். அந்த மனிதரை 'அவன்' என்று சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் காசையும் அடிச்சிட்டானா? விடும்மா" என்றார். நான் ஏமாற்றிய பெண் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பணத்தைத் திருப்பித் தருவதாக அன்று சொல்லவில்லை. சொன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா நல்லெண்ணத்தில் நாலு பேரை எச்சரித்தார். என் மூலமாக அந்த வியாபாரியிடம் கிரகப்பிரவேசத்துக்கு ஒரே நிறத்தில் மொத்தமாகப் புடவை சொல்லியிருந்த ஓர் அம்மாள், ஆர்டரை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். வியாபாரி கொடுத்துவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார். "நான் உங்ககிட்ட சொல்லித்தானேம்மா குடுத்தேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு, தெரிந்துதான் சொன்னேன் என்றேன். நாத்தனார் போணியையும் சொன்னேன். மூன்று புடவைப் பணத்தையும் வைத்தேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னையும் கூட்டிக்கிட்டு அங்க போயிருப்பேன். விக்கிறவளே ஏமாந்துட்டான்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டு வந்துட்டேனே. இப்ப மறுபடி போய், அதுவும் பொய்தான்னா சொல்றது?"

நானே வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பொண்ணு அங்கே வாழணும், ஆறின விஷயத்தைக் கிளற வேண்டாம் என்றார். பணத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் கேட்ட பேச்சுக்கு அந்தப் பணத்தில் ஈடு இல்லை.

அந்த ரகத்தை வாங்கிய மற்ற வீடுகளுக்கும் நோட்டுப் புத்தகத்தோடு போய்ச் சொன்னேன். சிலர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். சிலர் பரவாயில்லை என்றார்கள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நாத்தனார் என்னோடு பேசுவதில்லை, தன் பெயரையும் சொல்லிவிட்டேன் என்று.

வியாபாரிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஆர்டரை ரத்து செய்த அம்மாளிடமும் சொன்னேன். அவர் அதற்குள் வேறு இடத்தில் எடுத்துவிட்டிருந்தார். அந்த ஆர்டருக்கென்று தறியில் ஏற்றிய புடவைகள் என்ன ஆயின என்று வியாபாரியிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணிச்சல் வரவில்லை.