தரகர் யாருக்காகப் பேசுகிறார்?

வீடு வாங்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா? அப்படியாயின் எனக்கு நேர்ந்ததைச் சற்றுக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டை விலை பேசினோம். தரகர் இனிமையாகப் பழகுபவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துவார். அவரை நம்பி, "28 லட்சம் வரை தரலாம், முதலில் 25 என்று பேசுங்கள்" என்றேன். மறுநாள், 28 லட்சத்தில் ஒரு ரூபாயும் குறைக்க முடியாதென்று விற்பவர் கூறிவிட்டார். அந்த மூன்று லட்சத்திற்காக என் மனைவியின் வளையல்கள் விலையாயின. தரகர் இரு தரப்பிலும் தரகு பெற்றது பத்திரப் பதிவன்றுதான் தெரிந்தது.

குற்றம் அவருடையது மட்டுமா? "நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?" என்று நான் கேட்கவேயில்லையே!

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம்மை அமர்த்தியவரின் சொற்படி நடக்க வேண்டும். கேட்டால் கணக்கும் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்களும் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவுபெற்ற புதிய மனை, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத் தருவோருக்கே. பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, தரகு எவ்வளவு, விற்பவரிடமும் பெறுவாரா என்பதை முதல் நாளே எழுத்தில் பெறுங்கள். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நீங்களே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நீங்கள் தரக்கூடிய உச்ச விலையோ உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும்.