பீப்ரிக் பூங்காவில் எங்கள் ஊர்க் கிளிகள்

ஜேர்மனியில் கிளி என்றால் கூட்டுக்குள் இருப்பது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். சென்ற மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் வீஸ்பாடன் நகருக்குப் போய்வந்த பின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

புகையிரத நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் றைன் நதிக்கரை வந்துவிடும். அங்கே நசாவ் பிரபுக்கள் கட்டிய பீப்ரிக் அரண்மனை நிற்கிறது. அதன் பின்னால் நீண்டு கிடக்கும் பூங்காவை 1817ஆம் ஆண்டு முதல் ஸ்கெல் என்ற கலைஞர் திருத்தி அமைத்தார். உள்ளே ஒரு குளமும், கரையில் மொஸ்பூர்க் என்ற சிறு கோட்டையும் உண்டு. நாம் போனதோ கிளி பார்க்க.

வாசலைத் தாண்டியதுமே "கீக், கீக்" என்ற சத்தம். இலையுதிர்ந்த பிளற்றானே மரங்களில் பச்சைப் பசேலென்று கிளிகள்! சிவந்த சொண்டு, ஆண் கிளிக்குக் கழுத்தில் வளையம். ஊரில் பட்ட பனையின் பொந்துக்குள் இருந்து எட்டிப் பார்க்குமே, அதே இனந்தான். கூடுகளிலிருந்து தப்பியும் விடப்பட்டும் வந்தவற்றின் சந்ததி இவை. 1969இல் கொலோன் நகரில் குஞ்சு பொரித்தன. 1970களிலிருந்து இங்கும் பெருகிவிட்டன.

நாம் இங்கு வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கிளி. மூன்று வருடமாக அதற்குச் சூரியகாந்தி விதையும் கச்சானும் பாணுந்தான் சாப்பாடு. விரும்பிச் சாப்பிட்டதால் நாமும் விட்டுவிட்டோம். மாரியில் அது கதைப்பதை நிறுத்தியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூக்கால் நீர் வடிய இருந்தது. மகள் அழுதாள். மிருக வைத்தியர் வாயைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளைப் படலத்தைக் காட்டினார். விற்றமின் ஏ போதாது; விதையில் கொழுப்பு மட்டும் நிறைய என்றார். அகதி முகாமில் மாதக்கணக்காக ஒரே உணவுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்ட எமக்கு, அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

பூங்காவில் ஒரு வாங்கில் இருந்து பார்த்தோம். ஒரு கிளி மர மொட்டைக் கொறித்தது. இன்னொன்று பிளற்றானே மரத்தின் உருண்டைக் காயைக் காலில் பிடித்து உரித்தது. வேறொன்று செடியில் எஞ்சியிருந்த சிவந்த ரோசாக்காயைத் தின்றது. அரை மணி நேரத்துக்குள் மூன்று வகை! வசந்தத்தில் பூ, கோடையில் பழம் என்று இது மாறிக்கொண்டே போகும்.

"எங்கட கிளியையும் இங்க விடுவமே அப்பா?" என்று மகள் கேட்டாள். சட்டம் இடந்தராது என்றோம். கூட்டில் வளர்ந்ததற்குத் தானாக இரை தேடவும் தெரியாது. ஆகவே, காட்டுக்கிளி தேடிப்போய் உண்பதை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பி, வைத்தியர் சொன்னபடி கிளிக்கான குளிசை உணவையும், கரட், சிவப்புப் பப்றிக்கா, பூசணி, புறொக்கோலி, கீரையையும் தொடங்கினோம். பச்சைமிளகாயும் கொடுக்கலாம்; பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. விதையை ஒரேயடியாக நிறுத்தாமல் மெல்ல மெல்லக் குறைத்தோம். வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்தோம். முதல் பத்து நாள் கரட்டைத் தொடவே இல்லை. பிறகு, அதன் முன்னே நாமே ருசித்துச் சாப்பிட்டுக் காட்டினோம். அதன் பின்தான் ஒரு கடி கடித்தது. ஈர உணவை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கிளி வளர்ப்போர் கவனிக்க: ஆனைக்கொய்யா, சொக்கிலேற், கோப்பி ஆகியவை நஞ்சு. எங்கள் மிக்சரும் உப்புக் கச்சானும் வேண்டாம். அப்பிளை விதை நீக்கியே கொடுங்கள்.

பீப்ரிக் போவோர் இலையற்ற மாதங்களில் போங்கள், கிளிகள் நன்றாகத் தெரியும். அவற்றுக்குப் பாண் போடாதீர்கள்.

எங்கள் கிளி இப்போது காலையில் கரட் துருவும் சத்தம் கேட்டாலே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.