ஷார்ஜாவில் ஒரு வாகனச் சந்தை

ஷார்ஜாவின் பழைய வாகனச் சந்தைக்கு ‘சூக் அல் ஹராஜ்’ என்று பெயர். ஹராஜ் என்றால் ஏலம். முன்பு அபூ ஷகாராவில், குடியிருப்புகளுக்கு நடுவே நெருக்கியடித்துக் கொண்டிருந்த கடைகள் ஊருக்கு வெளியே இங்கே குடியேறிவிட்டன. அஸர் தொழுகைக்குப் பின் வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்கிறது. பேரம் பேசுவதில் எகிப்தியருக்கும் நம்மவருக்கும் அதிக வேற்றுமை தெரியவில்லை.

2024 அக்டோபரில் மச்சானுடன் அங்கே சென்றிருந்தேன். அல் தைத் நகருக்கு அப்பால் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் அவருக்கு மேற்பார்வையாளர் வேலை. தார்ச்சாலை முடிந்த பின் ஆறு கிலோமீட்டர் வெறும் மணல். சாதாரணக் கார் புதைந்துவிடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். (நகரத் தெருவில் மட்டும் ஓட்டுவோர் பலர் இத்தகைய வண்டி வாங்கிப் பெட்ரோலுக்கு அழுவதைப் பார்க்கிறோம், அது வேறு கதை.) கையிருப்பு 30,000 திர்ஹம். வட்டிக் கடன் கூடாது என்பதில் அவரும் லாத்தாவும் உறுதியாக இருந்தனர்.

இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று 2012ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ, 25,000 திர்ஹம். மற்றது 2007ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோ, 31,000. ஐந்து ஆண்டு இளையது விலை குறைவு, பளபளப்பும் அதற்கே. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்பிரிங் அமைப்பு உடையதாதலால் சாலையில் பஜேரோ மெத்தென்று போகும். ஆனால் அதன் எஞ்சினில் டைமிங் பெல்ட். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பிராடோவில் சங்கிலி, அந்தச் செலவில்லை. தனிச் சட்டத்தின்மேல் உடல் பொருத்திய முரட்டு வண்டி அது. பஜேரோ தயாரிப்பு 2021இல் நின்றுவிட்டது என்றாலும் உதிரிப் பாகங்களுக்கு ஷார்ஜாவில் பஞ்சமில்லை. எனக்குப் பஜேரோ மீதே மனம் சாய்ந்தது.

உடன் வந்த பெஷாவர்க்கார மெக்கானிக் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முதலில் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்தார். சுருளின் உட்பகுதியில் செம்மண் கோடு ஒன்று தெரிந்தது. இருக்கைக்கு அடியில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. விரிப்போ புத்தம் புதியது.

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் கொட்டிய மழையை நாம் அறிவோம். 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அத்தகைய மழை பெய்ததில்லை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். ஷார்ஜாவின் சில பகுதிகளில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. மூழ்கிய வண்டிகளுள் சில கழுவி உலர்த்தப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. மின்கம்பிகளில் நுழைந்த ஈரம் பல மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்; அதுவும் மணலின் நடுவே காட்டினால்?

பட்டையில் என்ன கறை என்று கேட்டோம். “சாயா சிந்தியிருக்கும்” என்றார் விற்பவர்.

மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், மழையில் நனைந்தது என்றார் வணிகர். அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அங்கேயும் மழைதான்!

பிராடோவின் உரிமையாளர் முதிய எகிப்திய ஆசிரியர். கேட்காமலேயே, முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் தேய்ந்துள்ளன, ஏ.சி. கம்ப்ரஸர் மாற்றியது, பின்வரிசை இருக்கை மடங்காது என்றார். மெக்கானிக் தேடிக் கண்டதும் அவ்வளவே. 29,000க்கு முடிந்தது.

முல்கியா மாற்றம், இன்ஷூரன்ஸ், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்து கையிருப்பைத் தாண்டிவிட்டன. லாத்தாவும் பிள்ளைகளும் டிசம்பரில் ஊர் வருவதாக இருந்த பயணம் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போயிற்று. உம்மாவுக்குப் போனில் அதை லாத்தாவே சொன்னார்.

மறுவாரம் மணல் தொடங்குமிடத்தில் மச்சான் டயர்களில் காற்றை 15 பவுண்டுக்கு இறக்கி, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினார். அல்ஹம்துலில்லாஹ், தோட்ட வாசல் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. பின்னிருக்கைதான் வழியெல்லாம் கடகடத்தது.