கடலில் போட்ட இயந்திரம்

1945 நவம்பர் 24. ஜப்பான் சரணடைந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. தோக்கியோவில் இருந்த ரிக்கென் ஆய்வுக்கழகத்துக்குள் அமெரிக்க வீரர்கள் நுழைந்து, அங்கிருந்த இரண்டு சைக்ளோட்ரான்களையும் உடைக்கத் தொடங்கினார்கள். பெரியதன் காந்தம் மட்டுமே ஏறத்தாழ 200 டன். துண்டு துண்டாக்கி, தோக்கியோ விரிகுடாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கியோத்தோ, ஒசாகா பல்கலைக்கழகங்களிலும் இதே கதி. மொத்தம் ஐந்து இயந்திரங்கள்.

சைக்ளோட்ரான் என்பது அணுத்துகள்களைக் காந்தப்புலத்துக்குள் சுழலவிட்டு, வேகமேற்றி, ஓர் இலக்கின்மீது மோதவிடும் கருவி. அதில் கதிரியக்க ஐசோடோப்புகள் கிடைக்கும். செடி உரத்தை எப்படி உறிஞ்சுகிறது, உடம்புக்குள் ஒரு பொருள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க அவை உதவும். ஜப்பானிடம் இருந்த ஐந்தையும் ஒன்றாக வைத்தாலும் அணுகுண்டு செய்திருக்க முடியாது.

ரிக்கெனில் அவற்றைக் கட்டியவர் யோஷியோ நிஷினா. 1920களில் கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் இருந்து படித்தவர். போர் முடிந்ததும், உயிரியல், மருத்துவ ஆய்வுக்காவது இயந்திரத்தை ஓட்ட விடுங்கள் என்று ஆக்கிரமிப்புத் தலைமையகத்திடம் கேட்டார். அனுமதியும் கிடைத்தது. பிறகுதான் உடைக்க ஆள் வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு இரக்கம் பொங்கிவிடவில்லை. சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி இன்றும் பேசுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. நிஷினாவும் சும்மா இருந்தவர் அல்லர். ராணுவத்துக்காக யுரேனியத்தைப் பிரிக்கும் முயற்சியை நடத்தியவர். அது பலிக்கவில்லை, கருவியும் 1945 ஏப்ரல் விமானத் தாக்குதலோடு போயிற்று. ஆகஸ்டில் ஹிரோஷிமாவுக்குப் போய், விழுந்தது அணுகுண்டுதான் என்று அரசுக்குச் சொன்னவரும் அவரே. இப்படிப்பட்டவர்மீது ஒரு கண் வைக்கத்தான் வேண்டும். ஆனால், கண் வைப்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு உடைப்பது வேறு.

இதை உரக்கச் சொன்னவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள்தாம். அணுகுண்டுக்கு யுரேனியம் தயாரித்த ஓக் ரிட்ஜிலேயே வேலை பார்த்தவர்கள், இது நூலகங்களை எரிப்பதற்கும் அச்சு இயந்திரங்களை நொறுக்குவதற்கும் சமம் என்று கொதித்தார்கள். விசாரித்தால், போர்த்துறைச் செயலாளர் ராபர்ட் பேட்டர்சன் பெயரில் உத்தரவு போயிருக்கிறது. அவர் அதைப் பார்க்கவே இல்லை! கீழே யாரோ எழுதி அனுப்பியது. எங்கள் வானொலியில் ஒரு நிமிட விளம்பரம்கூட இரண்டு பேர் கேட்காமல் ஒலியேறாது. தவறு நடந்துவிட்டது என்று போர்த்துறை ஒப்புக்கொண்டது. கடலில் போட்டதைத் திருப்பி எடுக்கவா முடியும்?

கட்டுப்பாடு அதோடு தளரவில்லை. 1947 ஜனவரியில் நேச நாடுகளின் தூரகிழக்கு ஆணையம் ஜப்பானில் அணுசக்தி ஆய்வுக்கே தடை விதித்தது. அந்த ஆண்டுகளில் தலைமையகத்தில் இருந்தவர் ஹாரி கெல்லி என்ற அமெரிக்க இயற்பியலாளர். ஜப்பானிய விஞ்ஞானிகளைக் கண்காணிப்பது அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கோப்பைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. ஆய்வகங்களுக்கு நேரில் போனார், பேசினார். நிஷினாவோடு நட்பானார். ரிக்கெனைக் கலைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1948இல் அது ஒரு கம்பெனியாக உருமாறித் தப்பியது. நிஷினா அதன் தலைவர். உலகப் புகழ்பெற்ற அணு இயற்பியலாளர், ஆய்வகத்தைக் காப்பாற்றப் பெனிசிலின் தயாரித்து விற்றார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1950இல் அமெரிக்காவிலிருந்தே ஐசோடோப்புகள் அவருக்கு வந்து சேர்ந்தன. தம் இயந்திரத்திலேயே எடுத்திருக்க வேண்டியவை. அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு, ரிக்கென் மறுபடி சைக்ளோட்ரான் கட்டியது. 113ஆம் தனிமத்தை உருவாக்கி, அதற்கு நிஹோனியம் என்று பெயர் சூட்டியதும் அதே ரிக்கென்தான்.

கெல்லி 1976இல் காலமானார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்து, தாமா கல்லறைத் தோட்டத்தில் நிஷினாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.