மாடி அறைச் சங்கீதம்

கச்சேரி மேடையில் பாடகர், ஓரத்தில் நிற்கும் மைக்செட்காரரைப் பார்த்து விரலை மேலும் கீழும் ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். தம்பூராவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்கிறார். மிக்ஸிங் என்று இப்போது பெயர் சூட்டி அழைக்கிறார்களே, அந்தக் கலையின் பாலபாடம் இந்த விரலாட்டலில் இருக்கிறது. யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் ஒதுங்குவது, யார் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று தீர்மானிப்பதுதான் அது. கதை எழுதுகிறவனுக்கும் இதே பிழைப்புத்தான். ஓர் அத்தியாயத்தில் எட்டுப் பேர் வந்துவிட்டால் எட்டுப் பேரும் பேசத்தான் துடிப்பார்கள். இரண்டு பேரைப் பேசவிட்டு, மற்றவர்களைத் திண்ணையில் உட்கார்த்தி வைப்பதற்குள் ஆசிரியனுக்கு மூச்சு முட்டிவிடும்.

மின்சாரக் கருவிகளால் சங்கீதம் செய்வது நம் நாட்டுக்கு நேற்று வந்த சமாசாரமல்ல. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-லேயே மூக் ஸிந்தஸைசரோடு ஒரு கூடம் அமைத்துவிட்டார்கள். பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை மின்சாரத் தாளத்தோடு பொருத்தி ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். நம் கோடம்பாக்கத்தில் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைப் பாட வைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்து ஊரைக் கலக்குவதற்கு முன்பே ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டோடு ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டுவிட்டார். வீட்டிலேயே சங்கீதம் தயாரிக்கலாம் என்ற தைரியம் இங்கே பல பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் பிறந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் அண்ணன் மகன். சேலையூரில் அண்ணன் வீட்டு மாடியில், பத்தடிக்குப் பத்தடி அறையில் அவன் ராஜ்யம். பகலில் வேலை செய்ய முடியாது. மீனம்பாக்கத்து விமானமும், தாம்பரம் விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானமும் மாறி மாறிக் கூரைமேல் கச்சேரி செய்யும். கடைசி மின்சார ரயில் போனபின், விடிகாலை முதல் ரயில் வருவதற்குள் உட்கார்ந்து முடிக்க வேண்டும்.

அறையே ஒரு விரோதி என்றான். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் நின்றால், விநாடிக்குச் சுமார் 56 அதிர்வுள்ள கனத்த ஓசை அவற்றுக்கிடையே மோதி மோதிப் பெருகுமாம். மூலையில் கேட்டால் இடிமுழக்கம். நடுவில் கேட்டால் ஒன்றுமே இல்லை. மூலைக்கு இலவம்பஞ்சு மெத்தைகளை முட்டுக் கொடுத்திருந்தான். பின்சுவருக்குப் புத்தக அலமாரி; உயரமும் குட்டையுமாகப் புத்தகங்கள் இருந்தால் கீச்சு ஓசை சிதறிப்போகுமாம். விற்காமல் என்னிடம் திரும்பி வந்த நாவல் பிரதிகள் இவ்விதமாகச் சங்கீத சேவை செய்துகொண்டிருக்கின்றன.

போன வருஷம் அவன் எடுத்துக்கொண்ட காரியம் எங்கள் குடும்பத்தையே ஆட்டிவிட்டது. என் தாயார் பாடிய தாலாட்டு ஒன்று பழைய காஸெட்டில் இருந்தது. 1999-ல், குரோம்பேட்டையில் ரயில் பாதையோரம் நாங்கள் குடியிருந்த வீட்டில், கைக்குழந்தையாக இருந்த இவனுக்குத்தான் அம்மா அதைப் பாடினாள். அண்ணா சும்மா பதிவு செய்துவைத்தார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் குரல் வேறெங்கும் இல்லை. அந்தத் தாலாட்டைச் சுற்றி ஸிந்தஸைசர் ஓசைகளைப் பின்னி ஒரு பாட்டு அமைத்தான் பையன். காஸெட்டின் இரைச்சல், பின்னணி ரீங்காரம், குறுக்கே போன மீட்டர் கேஜ் ரயில் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான்.

மன்னி, "ரொம்ப நன்றாயிருக்குடா" என்றாள். அண்ணா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "பாடுவது அம்மாதான். ஆனால் நம் வீட்டில் பாடவில்லை" என்றார். அதற்குமேல் பேசவில்லை. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை நின்றது.

கோபம் தணிந்தபின் பையன் மூல காஸெட்டை மறுபடி கேட்டான். ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு எனக்கு ஆள் அனுப்பினான்.

"சித்தப்பா, பாட்டி எதற்குச் சுருதி சேர்த்துக்கொண்டு பாடியிருக்கிறாள் தெரியுமா? டியூப் லைட்டுக்கு!"

கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். பௌதிகம் தூரத்து உறவு. அவன்தான் விளக்கினான். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தரம் ஆடுகிறது. டியூப் லைட்டின் சோக் அதற்கு இரட்டிப்பாக, 100 என்ற கணக்கில் முனகும். அம்மாவின் ஷட்ஜம் அந்த முனகலுக்குச் சரியாக இரண்டு மடங்கில் நின்றது. அதாவது அடுத்த ஸ்தாயி. வேறு தம்பூரா இல்லாத வீட்டில் அவள் காது தானாகவே ஒரு தம்பூராவைக் கண்டுபிடித்துக்கொண்டது. ரீங்காரம் 100-ல் மட்டும் நிற்பதில்லை. 200, 300 என்று ஏணிப் படியாக ஏறும். படிகளை அறுக்கப் போன கத்தி, 200-ல் அம்மாவின் ஷட்ஜத்தையும் அறுத்துவிட்டது. அண்ணாவின் காது கணக்குப் படிக்காமலே அதைப் பிடித்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய காஸெட் எந்த வேகத்தில் சுழன்றது என்று யார் சொல்வது? ரீங்காரத்தை 50-க்குக் கொண்டுவந்து சரிபார்க்கலாம். ஆனால் 1990-களில் தென்னாட்டு மின்சாரத்தில் அந்த 50 நிலையாக நிற்பதில்லை. பளு ஏறினால் எண் இறங்கிவிடும். பையன் தகப்பனாரை மாடிக்கு அழைத்து நாற்காலியில் உட்கார்த்தினான். வேகத்தை மயிரிழை மயிரிழையாக ஏற்றிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் அண்ணா கையைத் தூக்கினார். கண்ணைத் திறக்கவில்லை. திரையில் 49 என்று காட்டியது. அம்மாவின் ஷட்ஜம் ஐந்து கட்டையில் வந்து நின்றது. பையன் அந்த எண்ணை அப்படியே பூட்டிவிட்டான்.

ரீங்காரத்தை இம்முறை அவன் வெட்டவில்லை. அதையே ஆதார சுருதியாக வைத்து, அதன்மேல் ஸிந்தஸைசரை ஏற்றினான். ரயிலும் அதன் இடத்தில் போகிறது. 2004-ல் மறைந்துபோன அந்த மீட்டர் கேஜ் வண்டி இப்போது எங்கள் பாட்டில் மட்டும் ஓடுகிறது.

கடைசியாக மாஸ்டரிங். பாட்டு எல்லாக் கருவியிலும் ஒழுங்காகக் கேட்கும்படி இறுதி மெருகு கொடுப்பது. இதில் ஒரு சபலம் உண்டு. லிமிட்டரை வைத்து அழுத்தி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டமாக்கிச் சத்தத்தை ஏற்றிவிடலாம். ஆனால் ஒலியின் கனத்தை அளக்க 2006-ல் சர்வதேச அளவுகோல் வந்துவிட்டது. பாட்டு விநியோகிக்கும் கம்பெனிகள் பலவும் உரத்த பாட்டைத் தாமே ஒரு மட்டத்துக்கு இறக்கிவிடுகின்றன. கத்தியவனுக்கு லாபமில்லை, மூச்சு போனதுதான் மிச்சம். தாலாட்டைக் கத்த வைப்பானேன் என்று பையன் அடக்கியே விட்டான்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அண்ணா கேட்கிறார். இப்போது வீடுகளில் எல்.ஈ.டி. விளக்கு வந்துவிட்டது, அதில் சோக் கிடையாது, முனகலும் கிடையாது. இனிமேல் தாலாட்டுப் பாடுகிற பாட்டிகள் சுருதிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.