காது வளர்த்த கதைகள்

கி. ராஜநாராயணனைப் பற்றி ஓர் ஆதங்கம் எழுவதுண்டு. சொல்லகராதி, நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு, பக்கம் பக்கமாகக் கடிதங்கள், போதாததற்குச் சங்கீதம் என்று மனிதர் சிதறிவிட்டார். அந்த நேரத்தில் இன்னும் நாலு நாவல் எழுதியிருக்கலாமே என்று. எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரரான அவருடைய கதை முதன்முதலாகப் பத்திரிகையில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டி நெடுநாள் ஆகியிருந்தது. அதுவரை விவசாயம், விவசாயிகள் போராட்டம், சிறை. அதே ஊர் கு. அழகிரிசாமியோடு சேர்ந்து சங்கீதப் பித்து. வீட்டில் தெலுங்கு, வெளியே கரிசல் தமிழ். அடுத்தவர் பேச்சில் எது புதிது, எது அழகு என்று சட்டென்று பிடிபடும் காது அங்கேதான் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எழுத உட்காருமுன் அந்தக் காதுதான் அவருடைய முழுநேர உழைப்பாளி.

‘கதவு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவில் தொற்றி ஆடும் பிள்ளைகளுக்கு அதுதான் பஸ். தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி ரசிக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறான். அதிகாரத்தை ஏசி ஒரு வரி கிடையாது. வாடைக் காற்று திறந்த வாசல் வழியே உள்ளே வருவதும், பின்னொரு நாள் சாவடிப் பக்கம் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்வதும் போதுமாக இருக்கிறது. கிராமத்துக் கதைசொல்லி இப்படித்தான் செய்வான்: கோபத்தைச் சொல்லமாட்டான், நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்வான். ‘கோபல்ல கிராம’த்தில் ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த கூட்டத்தின் வரலாறு நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரம்மாளின் வாய்வழியாக வருவதும் அதே வழக்கம்தான். நாவலுக்கு அவர் தேடிய உருவம் பாட்டிமார் திண்ணையில் ஏற்கெனவே இருந்தது.

அப்படியானால் அவர் வெறும் சேகரிப்பாளர்தானே, படைப்பாளி எங்கே என்று கேட்கலாம். கேட்ட கதைகள் ஊருக்கெல்லாம் பொது. அதே கதைகளைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பேருக்கு ‘கதவு’ வாய்க்கவில்லை. எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற தேர்வு அவருடையது. ஆய்வாளர் தரப்பிலிருந்து வரக்கூடிய குறை இதைவிடக் கனமானது: கதைகளைச் சொன்னவர் வாய்மொழி மாறாமல் பதியாமல் தன் நடையில் எழுதிவிட்டால் அது ஆவணமாகுமா? ஆகாதுதான். சொன்னவர் குரல் எங்கே முடிகிறது, கி.ரா. எங்கே தொடங்குகிறார் என்று பிரிக்க வழியில்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு அது நஷ்டமே. ஆனால் கதையைக் கேட்டவன் தன் வாயால் மறுபடி சொல்வதுதானே அந்த மரபு? கதைசொல்லியைக் கதை சொன்னதற்காகக் கண்டிப்பது விசித்திரம். பள்ளிப்படிப்பையே முடிக்காத இவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது, பட்டத்துக்கு வெளியிலும் படிப்பு உண்டு என்று தெரிந்துதான்.

வட்டார வழக்கு வாசகரைக் குறைக்கும் என்பது இன்னொரு வாதம். கரிசலைப் பார்த்தே இராதவர்களும் அவரைப் படிக்கிறார்கள். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தெரியாத சொல் வந்தால் வாசகர் நின்றுவிடுவதில்லை, பேச்சின் ஓட்டமே அவரை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஓட்டம் மேஜையில் கற்றதல்ல. நாலு நாவல் கேட்பவர்கள், அவற்றை எழுதும் காதை அவர் எங்கிருந்து பெற்றிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.